மறுபடி மேடம்

எங்கள் வீட்டில் பாத்திரச் சத்தம் கேட்காது. குடத்தை இறக்கினாலும் சரி, கரண்டியைக் கீழே வைத்தாலும் சரி, தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலில் போடுகிற மாதிரிதான் அம்மா வைப்பாள். இருபது வருஷம் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்த கை. அங்கே எதையும் தட்டக் கூடாது, போடக் கூடாது, தரையில் இழுக்கக் கூடாது. செருப்பைக்கூட வெளியே விட்டுவிட்டுத்தான் ஷெட்டுக்குள் போக வேண்டும். வெம்பக்கோட்டை ரோட்டில் எங்கள் தெருவில் உள்ள பெண்கள் எல்லாருக்கும் அந்தக் கைதான்.

அப்படிப்பட்ட ஒரு கம்பெனிக்குள் வந்து, முதல் நாளே, மர மேஜையில் விரல் முட்டியால் டொக் டொக்கென்று தட்டிய ஒருவரைப் பற்றி எழுதுகிறேன்.

ஜெர்மனியிலிருந்து வந்திருந்த கணிதப் பேராசிரியர் அவர். ஐம்பது வயதைத் தாண்டிய பெண்மணி. நல்ல உயரம், ஒட்ட வெட்டிய நரைமுடி. போர்மேன் அண்ணாச்சி அவருக்குக் கம்பெனியைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். ஒரு ஷெட்டுக்கும் அடுத்த ஷெட்டுக்கும் எவ்வளவு தூரம், ஒரு அறைக்கு எத்தனை வாசல், ஆபத்து என்றால் யார் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல நான் இங்கிலீஷில் சொன்னேன். கேட்டு முடித்ததும் அந்த அம்மாள் முகம் மலர்ந்து பக்கத்து மேஜையைத் தட்டினார்.

"ஏலே! எவம்லே தட்டுறது?" என்று திரும்பிப் பார்க்காமலே கத்தினார் அண்ணாச்சி. பிறகு திரும்பிப் பார்த்தார். குரல் இறங்கியது. "அம்மா… இங்கன தட்டப்பிடாதும்மா."

பட்டாசுக்கான காகிதக் குழல் ஒட்டிக்கொண்டிருந்த எட்டுப் பெண்களின் கைகளும் அப்படியே நின்றிருந்தன. அதில் என் அம்மாவும் ஒருத்தி. அவள் அதற்குள் வாசலைப் பார்த்து இரண்டு எட்டு வைத்துவிட்டாள்.

அந்த அம்மாளுக்கு நான் விஷயத்தைச் சொன்னேன். காது மடல்வரை சிவந்துபோனார். அவர்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் யாராவது நன்றாகப் பேசினால் கைதட்ட மாட்டார்களாம், மேஜையைத் தட்டுவார்களாம். முப்பது வருஷப் பழக்கமாம். "ஆனால் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்" என்றார். "என் அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். உள்ளே இறங்கும் முன்னால் சட்டைப் பையைத் தடவித் தீப்பெட்டி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்த வீட்டில் வளர்ந்தவள் நான்."

அதோடு விட்டிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். 'இன்னொரு தடவை' என்பதற்குத் தமிழில் என்ன சொல்ல வேண்டும் என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். விறுவிறுவென்று கம்பெனி கேட்டுக்கு நடந்து போனார். செருப்பை மாட்டினார், ஒரு நிமிஷம் நின்றார், மறுபடி கழற்றினார், பெயர்ப் பதிவேட்டில் மறுபடி கையெழுத்துப் போட்டார், உள்ளே வந்தார். அண்ணாச்சி முன்னால் நின்று, "மறுபடி" என்றார். அவருக்கு வந்த முதல் தமிழ்ச் சொல் அதுதான். பாவம் அண்ணாச்சி, முதலில் இருந்து எல்லாவற்றையும் திரும்பச் சொன்னார். இந்தத் தடவை அந்த அம்மாள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டார்.

அன்று சாயங்காலமே அம்மா அவருக்குப் பெயர் வைத்துவிட்டாள். "ஒங்க மறுபடி மேடம் நாளைக்கும் வாறாகளா?"

சிவகாசிக்கும் விருதுநகருக்கும் நடுவில் கரிசல் காட்டில் நிற்கிற ஒரு தனியார் கல்லூரியில் நான் அப்போதுதான் விரிவுரையாளராகச் சேர்ந்திருந்தேன். இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆகியிருந்தது. மின்னஞ்சல் பார்க்க வேண்டும் என்றால் சிவகாசி பிரவுசிங் சென்டருக்குத்தான் போக வேண்டும். ஏதோ ஒரு பரிமாற்றத் திட்டத்தில் பதினோரு மாதத்துக்கு அந்த அம்மாள் எங்கள் துறைக்கு வந்தார். அவரோடு வேலை பார்க்க என்னைப் போட்டார் துறைத்தலைவர். காரியாபட்டிப் பக்கம் நிலபுலன் உள்ள குடும்பத்து மனிதர். "பட்டாசு பத்தித்தான் ஆராய்ச்சியாம். ஒங்க ஆத்தா அங்கதான வேலை பாக்கா? நீயே போ" என்றார். அதில் இருந்த குத்தல் எனக்குப் புரிந்தது. ஆனால் வாய்ப்பும் புரிந்தது. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைப் பார்த்த முதல் ஆள் நான். குத்தலைப் பார்த்துக்கொண்டிருந்தால் எங்கே போய்ச் சேர்வது?

பாடம் நடத்துவதில் மேடம் சுமார்தான். கரும்பலகை நிறைய எழுதிக்கொண்டே போவார், ஏழாவது வரியில் ஒரு குறி தப்பாக இருப்பது தெரியும். அந்த ஒரு குறியை மாற்றினால் போதும். மாட்டார். பலகை முழுவதையும் அழித்துவிட்டு முதல் வரியிலிருந்து ஆரம்பிப்பார். "மறுபடியா மேடம்!" என்று பின்பெஞ்சு அலறும். "மறுபடி" என்பார் சந்தோஷமாக. ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேன். "தப்பு ஏழாவது வரியில்தான் தெரிந்தது. அங்கேதான் நடந்தது என்று உனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

வகுப்பில் மட்டும் என்றில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வெம்பக்கோட்டை அணையைப் பார்க்கத் தனியாகக் கிளம்பியவர் பஸ் மாறி ஏறி ஆனைக்குட்டத்தில் போய் இறங்கிவிட்டார். அங்கே கண்டக்டர், "மேடம், அணைதான பாக்கணும்? இங்கனயும் ஒரு அணை இருக்கு, பாத்துட்டுப் போங்க" என்று கெஞ்சியிருக்கிறார். "மறுபடி சிவகாசி" என்று அதே பஸ்ஸில் உட்கார்ந்து, பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, சரியான பஸ்ஸைக் கேட்டு ஏறி, பொழுது சாயும் நேரத்தில் வெம்பக்கோட்டை போய்ச் சேர்ந்தார். அணையில் தண்ணீர் இல்லை.

அவருடைய கணக்கு ஈரத்தைப் பற்றியது. ஈரமான ஒரு பொருள் காயும்போது அதற்குள் சூடு எப்படி நடக்கிறது, நீர் எந்த வழியாக வெளியேறுகிறது என்பதைச் சமன்பாடாக எழுதுவார். செங்கலுக்கு எழுதியிருக்கிறார். காகித ஆலைக்கு எழுதியிருக்கிறார். சேமியா காய்வதைப் பற்றி மட்டும் மூன்று ஆய்வுக் கட்டுரைகள்.

அம்மாவிடம் சொன்னபோது அவள் தலையில் கை வைத்தாள். "சேமியா காயப்போடுறதுக்கா இம்புட்டுப் படிப்பு?"

இதை மேடத்திடம் மொழிபெயர்த்தேன். கண்ணில் நீர் வரச் சிரித்தார். "இதையேதான் என் அம்மாவும் கேட்டாள்."

தன்னைப் பற்றி அவர் ஒரேயடியாகச் சொன்னதில்லை. கல்லூரிக்கு எதிரே டீக்கடையில், கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, துண்டு துண்டாகச் சொல்லுவார். அங்கே டாக்டர் பட்டம் வாங்கினால் மட்டும் பேராசிரியர் ஆகிவிட முடியாதாம். அதற்குமேல் இன்னொரு பெரிய ஆய்வேடு எழுதி, பெரியவர்கள் சபையில் நிறுவ வேண்டும். அதுவும் முடிந்த பிறகு, எழுதிய இடத்திலேயே வேலை கேட்கவும் முடியாது. வேறொரு பல்கலைக்கழகம் கூப்பிட வேண்டும். கூப்பிடும்வரை ஆறு மாத வேலை, ஒரு வருஷ வேலை. இரண்டு பெட்டியோடு நான்கு ஊர் மாறியிருக்கிறார்.

அந்த இரண்டாவது ஆய்வேட்டைக் கொடுக்கப் பத்து நாள் இருக்கும்போது, நடுவில் ஒரு நிறுவல் தப்பு என்று அவருக்கே தெரிந்தது. வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். 'ஒரு சின்ன நிபந்தனையைச் சேர்த்து மூடிவிடு' என்றாராம் வழிகாட்டி. இவர் ஆய்வேட்டையே திரும்ப எடுத்துக்கொண்டார். மறுபடி எழுதி முடிக்க நான்கு வருஷம். அதற்குள் அவரைக் கூப்பிடுவதாக இருந்த பல்கலைக்கழகம் கூடப் படித்த சிநேகிதியைக் கூப்பிட்டுவிட்டது. மேடம் பேராசிரியர் ஆனபோது நாற்பத்து நான்கு வயது.

"வருத்தம் இல்லையா?" என்றேன்.

"இருந்தது. அந்த ஊர் வழியாக ரயிலில் போகும்போதெல்லாம் ஜன்னல் பக்கம் பார்க்க மாட்டேன்."

அவ்வளவுதான். டீ கிளாஸைக் கழுவுகிற இடத்தில் அவரே கொண்டுபோய் வைத்தார்.

எங்கள் வேலை இதுதான். செய்து முடித்த பட்டாசைச் சிமெண்டு மேடையில் தட்டுத் தட்டாக வெயிலில் காய வைப்பார்கள். ஈரம் போகாமல் எடுத்தால் சரக்கு வீண். வெயில் மிஞ்சினால் ஆபத்து. அதனால் உச்சிவேளையில் தட்டுகளை எல்லாம் எடுத்து நிழலில் வைத்துவிட்டுத்தான் சாப்பிடப் போவார்கள். மேடை எந்த நேரத்தில் எவ்வளவு சூடாகிறது, குழலின் ஈரம் எவ்வளவு நேரத்தில் போகிறது என்று கணக்காகச் சொல்ல வேண்டும். முதலாளி மூன்று நிபந்தனையோடு அனுமதித்தார். பேட்டரி, வயர் எதுவும் உள்ளே வரக் கூடாது. குழலுக்குள் மருந்து கூடாது, மண்தான் அடைக்க வேண்டும். எல்லாம் ஒதுக்குப்புறமான ஒரு பழைய மேடையில்தான்.

எனவே மேடம் தன் ஊரிலிருந்து கொண்டு வந்திருந்த நான்கு கண்ணாடி வெப்பமானிகளை அந்த மேடையில் வைத்தோம். பத்து மணியிலிருந்து மூன்று மணிவரை, மணிக்கு ஒரு தரம் பார்த்து எழுதுகிற பொறுப்பை அம்மாவிடம் கொடுத்தோம். அம்மாவுக்கு எழுத்து வராது. எண் வரும், பஸ் நம்பர் பார்த்துப் பழகியது. பள்ளிக்கூட நோட்டு ஒன்றில், கோட்டிலிருந்து விலகிக் கொஞ்சம் சாய்ந்து, ஒவ்வொரு எண்ணையும் கோலப்புள்ளி வைக்கிற கவனத்தோடு எழுதுவாள்.

மூன்று மாதம் ஆனதும் நோட்டைப் பிரித்து வரைபடம் போட்டோம். காலையில் ஏறுகிற கோடு, பன்னிரண்டு மணியிலும் ஒரு மணியிலும் ஒரு குழியில் இறங்கி, இரண்டு மணிக்கு மறுபடி ஏறியது. நான்கு வெப்பமானியிலும் அதே குழி. ஏறத்தாழ எல்லா நாளும்.

"வானம் கொதிக்கிற நேரத்தில் இந்த மேடை மட்டும் ஏன் ஆறுகிறது?" என்று மேடம் ஒரு மாதம் தூங்காத ஆள் மாதிரித் திரிந்தார். கரிசல் மண் சூடேறிக் காற்றை மேலே இழுக்கிறது, அதனால் மேடைமேல் தரைக்காற்று ஓடுகிறது, அது குழலின் ஈரத்தை வேகமாக உறிஞ்சிக் குளிர்விக்கிறது என்று ஒரு சமன்பாடு எழுதினார். கோடு பாதிதான் பொருந்தியது. மீதிப் பாதிக்காகச் சமன்பாட்டில் சேர்க்க வேண்டிய உறுப்பை நான் எழுதினேன். இரண்டையும் சேர்த்துப் போட்டபோது, அம்மாவின் புள்ளிகள்மேல் கோடு கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. மேடம் கல்லூரி மேஜையை ஓங்கித் தட்டினார். நான் துள்ளி விழுந்தேன். வாழ்க்கையில் எனக்காகத் தட்டப்பட்ட முதல் மேஜை.

பதினெட்டுப் பக்கக் கட்டுரை. அவர் பெயர், அடுத்து என் பெயர். ஒரு நல்ல ஆய்விதழ் ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் வந்தது. துறைத்தலைவர் கல்லூரி வாசலில் பிளக்ஸ் வைத்தார். அதில் மேடம் படம் சின்னதாகவும் தன் படம் பெரிதாகவும் போட்டிருந்தார். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. மேடத்தின் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு ஒரு இடம். என் கல்லூரிப் பெயரும் மதிப்பெண்ணும் அங்கே யாருக்கும் ஒன்றும் சொல்லாது, இந்தக் கட்டுரைதான் பேசும் என்றார். அதைக் காட்டி எனக்காகப் பரிந்துரை எழுதினார். தேர்வுக் குழு அடுத்த மாதம் கூடுவதாக இருந்தது. நான் பாஸ்போர்ட்டுக்கு அலைய ஆரம்பித்தேன்.

அந்த அலைச்சலில்தான் எல்லாம் தெரிந்தது. ரேஷன் கார்டு வேண்டியிருந்தது. அது பெட்டியில், பெட்டிச் சாவி அம்மா இடுப்பில். கேட்டு வாங்க ஒருநாள் பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் கம்பெனிக்குப் போனேன். அந்த நேரத்தில் நான் அங்கே போனதே இல்லை.

பழைய மேடையருகே அம்மா குனிந்து நின்றிருந்தாள். வாளியில் பழைய சேலைக் கிழிசலை முக்கி, பிழிந்து, ஒவ்வொரு வெப்பமானியையும் சுற்றி மூடிக்கொண்டிருந்தாள். பச்சைப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நெற்றியில் போடுவாளே, அதே பக்குவம்.

"என்னம்மா பண்ணுதே?"

"உச்சி வெயிலுலே. செவப்பு எம்புட்டு மேல ஏறுது பாத்தியா? கண்ணாடி தெறிச்சிரும்லா. அவுக நாட்டுலருந்து கொண்டாந்த சாமான். சோத்துக்குப் போறப்ப ஈரத்துணியப் போட்டுட்டுத்தான் போவேன்."

"தினமுமா?"

"மழை மூட்டமா இருந்தா போட மாட்டேன்."

"பன்னெண்டு மணி, ஒரு மணி ரீடிங்?"

"துணிய வெலக்கிப் பாத்து எழுதுறதுதான். உள்ளது உள்ளபடி எழுதிருக்கேன். ஒரு நம்பர் கூட்டிக் கொறச்சு எழுதலைலே." என் முகத்தைப் பார்த்துவிட்டாள். "என்ன? நீ எழுதத்தான சொன்னே. மூடாதன்னு சொன்னியா?"

சொல்லவில்லை. சூடேறுகிற எதையும் சும்மா விட்டுவிட்டுச் சோறு தின்னப் போகக் கூடாது என்று இருபது வருஷம் பழகிய ஒருத்தியிடம், அப்படியே விட்டுவிட்டுப் போ என்று யாராவது சொல்லியிருக்க வேண்டும். நாங்கள் யாரும் சொல்லவில்லை. கரிசல் காற்றாவது, என்னுடைய அருமையான உறுப்பாவது! பதினெட்டுப் பக்கமும் ஒரு சேலைக் கிழிசலின் ஈரம்.

மூன்று நாள் நான் யாரிடமும் சொல்லவில்லை. அதை மறைக்காமல் எழுத வேண்டும். சொன்னால் மேடம் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும், கரும்பலகையைப் பார்த்தவன் நான். குழு கூட ஒன்பது நாள்தான் இருந்தது. இடம் கிடைத்து, போய்ச் சேர்ந்து, அங்கே வைத்துச் சொல்லலாம் என்று நினைத்தேன். கோடு பொருந்தத்தானே செய்தது என்றும் நினைத்தேன்.

நான்காம் நாள் போர்மேன் அண்ணாச்சி டவுன் பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தீபாவளி சீசன் ஆர்டர் குவிந்துகிடந்த நேரம். மனிதர் குஷியாக இருந்தார். "என்ன வாத்தியாரே, மத்தியானம் மேடை தானா ஆறிருமாமே? மேடம் கணக்குப் போட்டு வெளிநாட்டுப் பொஸ்தகத்துலயே வருதாமே? ஒங்க காலேஜு பிளக்ஸப் பாத்துட்டு முதலாளி சொன்னாக. இனிமே உச்சிக்குத் தட்டெல்லாம் எடுத்து வைக்க வேண்டாம், திங்கக்கெழமையிலருந்து அப்படியே காயட்டும்னுட்டாக. ஒரு மணி நேர வேலை மிச்சம்லா!"

பஸ் நிற்கும்முன்னே நான் இறங்கி ஓடினேன். அந்த மேடைகளுக்குப் பக்கத்தில்தான் என் அம்மா உட்கார்ந்து சோறு தின்பாள்.

மேடம் அறையில் இருந்தார். துணியைச் சொன்னேன். மூன்று நாள் மறைத்ததையும் சொன்னேன். திங்கட்கிழமையைச் சொன்னேன். கையிலிருந்த சாக்பீஸைச் சட்டைப் பைக்குள் போட்டார். முகம் வெளுத்துவிட்டது. திட்டுவார் என்று நின்றேன். "பருத்தியா? எத்தனை மடிப்பு?" என்று கேட்டார். பிறகு, "அது அப்புறம். முதலில் கம்பெனி" என்று குடையை எடுத்தார்.

முதலாளியிடமும் அண்ணாச்சியிடமும் அவர் சொன்னதை அப்படியே தமிழில் சொன்னேன். "என் கணக்கு தப்பு. மத்தியானம்தான் மேடை அதிகச் சூடு. பழையபடி தட்டுகளை எடுங்கள்."

முதலாளி சரி என்றார். அண்ணாச்சிதான் வாயைப் பிளந்தார். "படிச்சவுக தன் வாயால தப்புன்னு சொல்லி நான் இப்பத்தாம்ப்பா கேக்கேன்."

அம்மா பழைய மேடையருகே நின்றாள். "என்னாலதான் கெட்டுப்போச்சா மேடம்?"

மேடம் சூடு பறக்கிற தரையில் அம்மா பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். துணி சுற்றுவதைச் செய்து காட்டச் சொன்னார். ஒரு தரம் பார்த்தார். "மறுபடி" என்றார். அம்மா மறுபடி சுற்றினாள். பிறகு என்னிடம், "இதை அவர்களுக்குச் சரியாகச் சொல்" என்றார். "ஒன்பது மாதத்தில் ஒருநாள்கூட நான் பன்னிரண்டு மணிக்கு இங்கே நின்றதில்லை. மேனேஜர் அறையில் ஃபேனுக்குக் கீழே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நோட்டில் ஒரு எண்ணும் தப்பில்லை. தப்பு நான் சாப்பிட்ட இடத்தில்."

சொன்னேன். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சாப்பாட்டக் குத்தம் சொல்லாதீக" என்றாள்.

கட்டுரையைத் திரும்பப் பெறுகிற கடிதத்துக்குத்தான் பெரிய சண்டை. துறைத்தலைவர் மேடத்திடம் பவ்யமாக ஏதோ சொல்லிப் பார்த்துவிட்டு என்னைத் தனியே இழுத்தார். "ஏம்ப்பா, பெத்த பிள்ளைய மறுபடி வயித்துக்குள்ள தள்ளுவாகளா? ஒன் சீட்டும்லா சேந்து போகுது! கம்பெனியிலதான் சொல்லியாச்சே, ஒருத்தருக்கும் ஆபத்து இல்ல. கடுதாசிய ஒரு வாரம் கழிச்சு அனுப்பச் சொல்லு. ஒரே ஒரு வாரம்." அவர் கெட்டவர் இல்லை. அன்று நிஜமாகவே எனக்காகத்தான் பேசினார்.

பிரவுசிங் சென்டரில் மேடம் கடிதத்தை அடித்து முடித்தார். ஒரு பிரதி ஆய்விதழுக்கு, ஒன்று தேர்வுக் குழுவுக்கு. அனுப்பாமல் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "இதில் உன் பெயரும் இருக்கிறது. நீ சொல்லாமல் அனுப்ப மாட்டேன்."

"குழு அடுத்த வாரம் கூடுது மேடம்."

"தெரியும்."

திரையையும் பார்க்காமல், என்னையும் பார்க்காமல், ஜன்னலுக்கு எதிர்ப் பக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ரயில் ஞாபகம் எனக்கு வந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்து மவுஸைப் பிடித்தேன். அழுத்தப் போகிற நேரத்தில் கரண்ட் போய்விட்டது.

சத்தியமாக நடந்தது. கடிதம் முழுவதும் போச்சு. இருட்டுக்குள் கடைக்காரர், "சேவ் பண்ணலயா சார்?" என்றார். முக்கால் மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்தது. மேடம் உட்கார எழுந்தார். நான் நாற்காலியை விடவில்லை. "மறுபடி" என்றேன். என் இங்கிலீஷில் நானே அடித்தேன். நானே அனுப்பினேன்.

இடம் எனக்குக் கிடைக்கவில்லை. இதை நீட்டி எழுத ஒன்றுமில்லை.

மேடம் ஊர் திரும்ப ஏழு வாரம் இருந்தது. மழைக்கு முந்திய வெயிலும் அவ்வளவு நாள்தான் இருக்கும். மறுநாளே தொடங்கினோம். இரண்டு வெப்பமானி துணியோடு, இரண்டு திறந்தபடி. அரை மணிக்கு ஒரு தரம். துணியை எடை போட்டு நனைத்து, எடுத்ததும் எடை போட வேண்டும். இந்தத் தடவை பொறுப்பு அம்மாவுடையது, நாங்கள் இரண்டு பேரும் அவளுக்குக் கீழே. "மேடம், கருத்துப் போவீக, குடையப் பிடிங்க" என்று அதட்டுவாள். "ஏலே, நோட்டுல கோடு மேல எழுது" என்று என்னை அதட்டுவாள். மேடம் உச்சிவேளை முழுவதும் மேடையருகே நின்றார். மூக்குத் தோல் உரிந்தது. சோற்றை அம்மாவோடு, அம்மா தூக்குவாளியிலிருந்து தின்றார். புளிக்குழம்பு காரம் தாங்காமல் தண்ணீர் குடித்துக் குடித்துத் தின்றார். ஒருநாள் நான் அவசரத்தில் ஒரு வாசிப்பைத் தவறவிட்டேன். அன்றைய பக்கம் முழுவதும் அடிக்கப்பட்டது. அடித்தது மேடம் இல்லை, அம்மா.

கிடைத்த முடிவு பெரிதாக ஒன்றுமில்லை. உச்சியில் மேடை அதிகச் சூடு, ஊருக்கே தெரிந்தது. ஆனால் ஒருமுறை நனைத்த துணி எவ்வளவு நேரம் தாங்கும், எப்போது மறுபடி நனைக்க வேண்டும் என்று எங்களால் சரியாகச் சொல்ல முடிந்தது. எட்டுப் பக்கம். யாரும் அதிகம் பார்க்காத ஒரு ஆய்விதழில் பின்னால் வந்தது. எந்த நேரத்தில் மேடை எவ்வளவு சூடு என்று நாங்கள் போட்ட அட்டவணையை அண்ணாச்சி தமிழில் எழுதி வாங்கிக் கம்பெனிச் சுவரில் ஒட்டினார்.

மறு வருஷமும் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தேன். கிடைக்கவில்லை. இப்போது மூன்றாவது விண்ணப்பம் போயிருக்கிறது. அந்த எட்டுப் பக்கத்தையும், திரும்ப வாங்கிய பதினெட்டுப் பக்கத்தையும் சேர்த்தே அனுப்புகிறேன். எதற்கு இரண்டும் என்று கேட்பவர்களுக்கு விளக்கம் சொல்ல எனக்கு ஒரு பக்கம் போதும்.

அந்த வருஷம் ஊர் திரும்புவதற்கு முந்திய நாள் கல்லூரியில் மேடம் ஒரு உரை நிகழ்த்தினார். அம்மா வர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். நான் படித்த பள்ளிக்கோ வேலை பார்க்கிற கல்லூரிக்கோ அம்மா அதுவரை வந்ததில்லை. அரங்கு வாசலில் பழக்க தோஷத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தாள். முதல் வரிசை ஓரத்தில் உட்கார்ந்தாள். பக்கத்தில் போர்மேன் அண்ணாச்சி, வெள்ளைச் சட்டையில்.

மேடம் முதலில் தப்பான வரைபடத்தைத்தான் போட்டார். அந்தக் குழியை, அதன்மேல் கச்சிதமாகப் போகிற எங்கள் கோட்டைப் போட்டு, வெகுநேரம் அப்படியே வைத்திருந்தார். "பாருங்கள், எவ்வளவு அழகு" என்றார். பிறகு துணியைச் சொன்னார், தான் சாப்பிட்ட இடத்தைச் சொன்னார், ஏழு வாரத்தைச் சொன்னார். நான் வரிக்கு வரி தமிழில் சொன்னேன். கடைசியில், இந்த வேலையின் எண்கள் எல்லாம் இந்த அம்மாளுடையவை என்று அம்மா பக்கம் கையைக் காட்டினார். சபை கைதட்டியது. மேடம் மேடையிலிருந்து இறங்கி வந்து, அம்மா முன்னால் இருந்த பெஞ்சை விரல் முட்டியால் இரண்டு தரம் தட்டினார். நின்றார்.

அம்மாவுக்கு அது என்னவென்று தெரியும். கையைத் தூக்கினாள். தூக்கியவள் அண்ணாச்சியைத் திரும்பிப் பார்த்தாள்.

"தட்டுங்க மதினி" என்றார் அண்ணாச்சி. "இது காலேஜு. ஒண்ணும் ஆகாது."

அம்மா விரலை மடக்கிப் பெஞ்சில் வைத்தாள். வைத்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். சத்தமே வரவில்லை. அவளுக்கே திருப்தி இல்லை. மேடத்தை அண்ணாந்து பார்த்து, தலையை ஆட்டி, "மறுபடி" என்றாள்.

கையை ஓங்கினாள். டொக்கென்று கேட்டது, பின்பெஞ்சு வரைக்கும்.